தலைவர்களின் செல்வாக்கு எதனால் ஏறுகிறது, எதனால் சரிகிறது? ராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு பார்வை

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் தாக்குதல் நடந்தது. 26-ஆம் தேதி இந்திய விமானங்கள் பாலகோட்டில் குண்டு வீசின. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மூன்றிலும் பாஜக ஆட்சியைப் பறிகொடுத்திருந்தது. விவசாயிகளின் கோபம், வேலையின்மை என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாலகோட்டுக்குப் பிறகு வந்த கருத்துக்கணிப்புகளில் பிரதமர் மோடியின் செல்வாக்கு கிடுகிடுவென ஏறியது. மே மாதம் பாஜக 303 இடங்களில் வென்றது. அதே தேர்தலில் ராமநாதபுரத்தில் பாஜக வேட்பாளர் நயினார் நாகேந்திரன் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். தமிழ்நாட்டில் 39-இல் 38 தொகுதிகள் திமுக கூட்டணிக்குப் போயின.

அதே தலைவர், அதே சம்பவம், அதே மாதங்கள். வடக்கே அடித்த அலை பாம்பன் பாலத்தைத் தாண்டி வரவில்லை.

இந்த முரணிலிருந்து தொடங்குவது நல்லது. 'பிரதமருக்கு இத்தனை சதவீதம் ஆதரவு' என்று வாட்ஸ்அப்பில் வரும் ஒற்றை எண்ணை நம் ஊரில் இரண்டு விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். அவரைப் பிடித்தவர்கள் நாலு குரூப்பில் போடுகிறார்கள். பிடிக்காதவர்கள் 'காசு கொடுத்து எழுதினது' என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டிலும் பயன் இல்லை. அந்த எண் எப்படி உண்டாகிறது, எதற்கு அசையும், எதற்கு அசையாது என்று தெரிந்தால் நமக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் போன்ற ஊர்களுக்கு இது பொழுதுபோக்குச் சமாச்சாரம் இல்லை. டெல்லித் தலைவரின் செல்வாக்கும் கொழும்புத் தலைவரின் செல்வாக்கும் நம் படகுகளைத் தொடுகின்றன.

என்ன கேட்டார்கள், யாரைக் கேட்டார்கள்

தலைவரின் செல்வாக்கைத் தொடர்ந்து அளக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1930-களின் பிற்பகுதியில், ரூஸ்வெல்ட் காலத்தில் தொடங்கியது. ஜார்ஜ் கேலப்பின் நிறுவனம் பல பத்தாண்டுகள் ஏறத்தாழ ஒரே கேள்வியைச் சொல் மாறாமல் கேட்டது: அதிபர் தன் வேலையைச் செய்யும் விதத்தை ஏற்கிறீர்களா, இல்லையா? கேள்வி மாறாததால்தான் ட்ரூமனையும் ட்ரம்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

இந்தியாவிலும் 1950-களிலேயே எரிக் டி காஸ்டா கருத்துக்கணிப்பைத் தொடங்கிவிட்டார். 1990-களிலிருந்து லோக்நீதி என்ற ஆய்வுக் குழுவின் கணிப்புகள் தேர்தல்தோறும் வருகின்றன. இந்தியா டுடே ஆண்டுக்கு இரண்டு முறை நாட்டின் மனநிலை என்று ஒன்றை வெளியிடுகிறது. ஆனால் இங்கே வெவ்வேறு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. பிரதமரின் செயல்பாடு எப்படி என்பது ஒரு கேள்வி. அடுத்த பிரதமராக யார் பொருத்தம் என்பது வேறு கேள்வி. 2020 ஆகஸ்டில் இந்தியா டுடே கணிப்பில் அடுத்த பிரதமராக மோடியைச் சொன்னவர்கள் 66 சதவீதம். 2021 ஜனவரியில் அது 38. கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில் 24. ஆனால் அந்த ஆகஸ்ட் கணிப்பிலேயே அவருடைய செயல்பாடு நன்று என்று சொன்னவர்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள். ஒரே தாளில் இருக்கும் இரண்டு எண்களில் ஒன்றை மட்டும் எடுத்துத் தலைப்பாகப் போட்டால் மனிதர் கவிழ்ந்துவிட்டார் என்றும் சொல்லலாம், நிமிர்ந்து நிற்கிறார் என்றும் சொல்லலாம்.

பிரிட்டனின் சர்ச்சில் கதையும் இதேதான். 1945 மே மாதம், ஜெர்மனி சரணடைந்த நேரத்தில், அவருக்கு 83 சதவீதம் ஆதரவு. ஜூலையில் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி படுதோல்வி அடைந்தது. மக்கள் மாற்றிச் சொல்லவில்லை. போரை நடத்தியவர் என்ற முறையில் அவரை மெச்சினார்கள். போருக்குப் பிறகு வீடும் வேலையும் மருத்துவமும் தருவது யார் என்று கேட்டபோது வேறு கட்சியைக் கையில் எடுத்தார்கள்.

அப்புறம், யாரைக் கேட்டார்கள் என்பது. ஆயிரம் பேரை முறையாகப் பொறுக்கிக் கேட்டால் மொத்த நாட்டுக்கும் மூன்று சதவீதம் முன்னே பின்னே சரியான விடை வரும். இது கணக்கு, மாயம் இல்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதுதான். ஆனால் பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் அந்தப் பழமொழி செல்லும். ராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 13.5 லட்சம். நாட்டின் மக்கள்தொகை 121 கோடி. நாடு முழுவதும் 30,000 பேரைக் கேட்கும் பெரிய கணிப்பிலும், விகிதப்படி பிரித்தால் இந்த மாவட்டத்துக்குக் கிடைப்பது 33 பேர். அதிலும் பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர் எல்லாம் போக, கடற்கரைக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? நடைமுறையில் எல்லாத் தொகுதிகளுக்கும் போகவும் மாட்டார்கள். ஆகவே தேசிய அளவில் வரும் எண் எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அதில் நம் கரையின் குரல் கேட்காது. கேட்கிற மாதிரி அது செய்யப்படவும் இல்லை.

இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகின்றன. மீன்வளத் துறை டோக்கன் வாங்கிக் காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. திங்கட்கிழமை மதியம் தங்கச்சிமடத்தில் ஒரு தெருவுக்குள் கேள்வித்தாளோடு ஒருவர் வந்தால் வீட்டில் யார் இருப்பார்கள்? பெண்களும் வயசானவர்களும். செவ்வாய்க்கிழமை வந்தால் ஆண்கள் வீட்டில்தான் இருப்பார்கள், தூங்கிக்கொண்டிருப்பார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பகலில் பிடிக்கவே முடியாது. கீழக்கரையிலும் தொண்டியிலும் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ ஆள் போகாத தெரு குறைவு. முறையான ஆய்வில் குறித்த ஆள் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப வரவேண்டும். அதற்குப் பணமும் நாளும் வேண்டும். அவசரக் கணிப்பில் கதவைத் திறந்தவரைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கதவைத் திறந்தவரும் மனசில் உள்ளதைச் சொல்லிவிடுவாரா? 'அக்கா, பிரதமர் ஆட்சி எப்படி இருக்கு?' என்று கேட்டால் முதலில் வரும் பதில், 'தம்பி நீங்க எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?' ரேஷன் கார்டும் மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் அரசாங்கக் கையெழுத்தில் தொங்கும் வீட்டில் முன்பின் தெரியாத ஆளிடம் 'சரியில்லை' என்று சொல்ல யோசிப்பார்கள். 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பதில் 'திருப்தி' என்ற கட்டத்தில் போய் விழுகிறது. உலகத் தலைவர்களை வரிசைப்படுத்தும் மார்னிங் கன்சல்ட் கணிப்பு இணையம் வழியாக நடப்பது. இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை மட்டுமே அது பிரதிபலிக்கிறது என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. 'உலகிலேயே முதலிடம்' என்று பகிரப்படும் படங்களில் அந்தக் குறிப்பு மட்டும் வருவதில்லை.

பதவி ஏறிய அன்றே தொடங்கும் சரிவு

அமெரிக்காவில் 1945 ஜூனில் ட்ரூமனுக்கு 87 சதவீதம். 1952 பிப்ரவரியில் 22. ஏறத்தாழ எல்லாத் தலைவர்களுக்கும், இவ்வளவு செங்குத்தாக இல்லாவிட்டாலும், கோடு இதே திசையில்தான் போகிறது. தொடக்கத்தில் உச்சம், போகப்போக இறக்கம். நல்லவர், கெட்டவர், கெட்டிக்காரர், மந்தமானவர் என்று பார்த்தாலும் தப்பியவர்கள் குறைவு.

ஜான் மியூலர் என்ற அரசியல் அறிஞர் 1970-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்குத் தந்த விளக்கம் இன்றும் நிற்கிறது. தலைவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் ஒரு சிறு கூட்டத்தைப் பகைத்துக்கொள்கிறது. அடுத்த முடிவு இன்னொரு கூட்டத்தை. அந்தச் சிறு கூட்டங்களுக்குள் ஒற்றுமை இருக்கவேண்டிய அவசியமே இல்லை, எதிரெதிராகக்கூட இருக்கலாம். தலைவர் மேல் உள்ள வருத்தம் மட்டும் பொது. நாலைந்து ஆண்டில் இந்தச் சிறுபான்மைகள் எல்லாம் கூடிப் பெரும்பான்மை ஆகிவிடுகின்றன.

இதை நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரட்டைமடி, சுருக்குமடி வலைகளுக்குத் தடை போட்டால் விசைப்படகு முதலாளிகளுக்குக் கோபம். தடையைக் கண்டும் காணாமல் விட்டால் நாட்டுப்படகுக்காரர்களுக்குக் கோபம். இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு மறுபக்கம் என்று சமாளித்தால் இரண்டு பக்கமும் கோபம். லாபம் அடைந்தவர் ஆறு மாதத்தில் அதை மறந்து அடுத்த கோரிக்கைக்குப் போய்விடுவார். நஷ்டப்பட்டவர் பத்து வருஷம் ஆனாலும் சொல்லிக்காட்டுவார். ஆட்சியில் இருப்பவரின் எண் ஏன் தேய்கிறது என்பதற்கு இந்த ஞாபக வித்தியாசம் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முடிவெடுக்காத பதவியில் இருப்பவருக்கு இந்தத் தேய்மானம் இல்லை. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். பதவி விட்டுப் போன பிறகும் அவர் மீதான அன்பு குறையவில்லை, கூடியது. 2015 ஜூலை 30 அன்று பேக்கரும்பில் அவரை அடக்கம் செய்த நாளில் திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்கள் கட்சி, மதம் எதையும் அதில் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. அவருடைய எளிமையும் மாணவர்களோடு பேசிய பேச்சும் அதற்கு முதல் காரணங்கள்தான். ஆனால் டீசல் விலையை ஏற்றுவதும், வரி போடுவதும், ஒரு ஊருக்குத் துறைமுகம் கொடுத்து இன்னொரு ஊருக்கு மறுப்பதும் அவர் வேலையாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அவரையே பிரதமராக உட்கார வைத்திருந்தால் கோடு கொஞ்சமாவது இறங்கியிருக்கும்.

ஆபத்து வந்தால் ஏறும் எண்

2001 செப்டம்பர் தொடக்கத்தில் ஜார்ஜ் புஷ்ஷின் ஆதரவு 51 சதவீதம். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, அந்த மாதம் முடிவதற்குள் 90. அவருடைய அப்பா 1991-இல் வளைகுடாப் போர் முடிந்த கையோடு 89-ஐத் தொட்டார். மார்கரெட் தாட்சர் 1981 கடைசியில் 25 சதவீதத்தில் கிடந்தார்; ஃபாக்லாந்து போர் முடிந்ததும் 60-ஐ நெருங்கினார். இவர்கள் வென்றார்கள், அதனால் ஏறியது என்று சொல்லத் தோன்றும். ஆனால் 1961-இல் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் கென்னடி அனுப்பிய படை மண்ணைக் கவ்வியது. அதன் பிறகு அவருடைய எண் 83-க்கு ஏறியது. 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டபோது கார்ட்டரின் எண் 32. அவரால் ஒருவரையும் உடனே மீட்க முடியாத நிலையிலும் இரண்டே மாதத்தில் 58 ஆனது.

தோற்றாலும் ஏன் ஏறுகிறது? வெளியிலிருந்து அடி விழும்போது வீட்டுச் சண்டையை ஒத்திவைக்கும் மனசு ஒரு காரணம். ரிச்சர்ட் பிராடி என்ற ஆய்வாளர் காட்டிய இன்னொரு காரணம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அப்படிப்பட்ட நாட்களில் எதிர்க்கட்சித் தலைவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள், அல்லது அரசோடு நிற்கிறோம் என்று அறிக்கை விடுகிறார்கள். பத்திரிகையைத் திறந்தால் தலைவரைக் குறை சொல்லும் குரலே இல்லை. சாதாரண மனிதர் காதில் ஒரு பக்கப் பேச்சு மட்டும் விழுகிறது. எதிர்ப்பு மறுபடி வாய் திறந்ததும் எண் இறங்கத் தொடங்குகிறது. கார்ட்டர் ஒரே ஆண்டில் பழைய இடத்துக்கு வந்து, தேர்தலிலும் தோற்றார். மூத்த புஷ் 1992 கோடையில் 29-இல் நின்றார்.

இப்போது முதலில் பார்த்த முரணுக்கு வரலாம். ராமநாதபுரம் கரைக்கும் கடலுக்கு அப்பால் ஆபத்து உண்டு. அது காஷ்மீரிலிருந்து வருவது இல்லை. 2017 மார்ச்சில் ராமேஸ்வரத்து இளம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாங்கள் சுடவில்லை என்று இலங்கைக் கடற்படை மறுத்தது. தங்கச்சிமடத்தில் மக்கள் நாள்கணக்கில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டது டெல்லி அமைச்சர் வந்து பதில் சொல்லவேண்டும் என்பதுதான். வந்து பேசிய பிறகே எழுந்தார்கள். அதாவது, இந்த நாட்டுக் குடிமகன் எல்லைக்கடலில் சாகும்போது நாடே தலைவர் பின்னால் திரளவில்லை. கோபம் தலைவரை நோக்கியே திரும்பியது. அரசே அதை நாட்டின் மீதான தாக்குதலாக எடுத்துக்கொள்ளாதபோது மக்கள் எப்படித் திரள்வார்கள்? இங்கே எந்தக் கட்சியும் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் இல்லை.

2024 மார்ச் கடைசியில், தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, 1974-இல் கச்சத்தீவு கொடுக்கப்பட்டதைப் பிரதமரே எழுப்பினார். எழுப்பியது நியாயமா என்பது வேறு பேச்சு. ராமநாதபுரத்தில் பாஜக ஆதரவோடு நின்ற ஓ. பன்னீர்செல்வம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். ஒரு தொகுதி முடிவுக்குக் கூட்டணி, சின்னம், சாதி, சிறுபான்மையினர் வாக்கு என்று ஆயிரம் காரணம் இருக்கும். அதை வைத்துப் பிரதமரின் செல்வாக்கை எடைபோடக் கூடாது. ஒன்று மட்டும் சொல்லலாம். 50 ஆண்டாக எல்லாக் கட்சியும் பேசிய ஒரு விஷயத்துக்குக் கூட்டத்தைத் திரட்டும் சக்தி தீர்ந்துபோயிருந்தது.

விலை

செல்வாக்கை ஏற்றும் சம்பவங்கள் பெரும்பாலும் டிவியில் நடக்கின்றன. இறக்குபவை வீட்டுக்குள்ளும் மீன் வாடியிலும் நடக்கின்றன. வேலையின்மை எவ்வளவு கொடுமையானாலும் அது வேலை இல்லாதவரைத்தான் நேரடியாகச் சுடும். விலைவாசி எல்லோரையும் சுடும், தினமும் சுடும். 2022 ஜூனில் அமெரிக்காவில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டது. வேலைவாய்ப்பு அப்போது நன்றாகவே இருந்தது. பைடனின் எண் ஜூலையில் 38. வங்கதேசப் போரை வென்ற இந்திரா காந்தியின் புகழ் மூன்று ஆண்டு தாங்கவில்லை. எண்ணெய் விலை ஏற்றமும் வறட்சியும் சேர்ந்து 1974-75-இல் மொத்த விலைகள் ஏறத்தாழ 25 சதவீதம் உயர்ந்தன. ரயில்வே வேலைநிறுத்தம், ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கம் எல்லாம் அந்த வெக்கையில் வளர்ந்தவை. 1971-இல் 352 இடம் வென்ற கட்சி 1977-இல் 154-க்கு வந்தது.

விசைப்படகு முதலாளிக்கு ஒரு நடைக்கான செலவில் டீசலே பெரும்பங்கு. மானிய டீசல் போதாமல் வெளியில் வாங்கும் ஒவ்வொரு லிட்டரும் மீன்பாட்டில் கழியும். இறால் இல்லாத நடையில் டீசல் காசுகூடத் தேறாது. தலைவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். 2021 தீபாவளிக்கு முந்தைய நாள் டீசல் மீதான கலால் வரி லிட்டருக்கு 10 ரூபாய் குறைக்கப்பட்டது. 2024-இல் தேர்தல் அறிவிப்புக்கு ஓரிரு நாள் முன்பு பெட்ரோல், டீசல் விலை 2 ரூபாய் குறைந்தது. எந்த ஆட்சி இருந்தாலும் இந்தத் தேதிகள் இப்படித்தான் அமையும்.

பழி யார் மேல் விழுகிறது என்பது இந்தியாவில் தனிச் சிக்கல். தடைக்கால நிவாரணம் 5,000-லிருந்து 8,000 ரூபாய் ஆனது. 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தது. கடலில் கைதானால் பேசவேண்டியது டெல்லி. விலை ஏற்றத்துக்குப் பாதிப் பேர் கோட்டையைத் திட்டுகிறார்கள், பாதிப் பேர் டெல்லியை. பழி இப்படிப் பங்கு பிரிவதால்தான் இந்தியப் பிரதமர்களின் எண் மேலை நாடுகளைப் போலச் சட்டென்று விழுவதில்லை. உள்ளூர் எம்எல்ஏ மேல் கோபத்தில் இருப்பவர்கூடப் பிரதமர் பற்றிக் கேட்டால் அடங்கியே பதில் சொல்வார்.

கோத்தபயவின் 32 மாதங்கள்

பழி பங்கு பிரிய வழியில்லாத நாட்டில் என்ன ஆகும் என்பதை நம் கரை நேரில் பார்த்தது. 2022 மார்ச் 22 அன்று இலங்கையின் வடக்கிலிருந்து 16 பேர் படகில் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். போருக்குத் தப்பி வந்தவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்த ஊர் இது. இவர்கள் சொன்ன காரணம் புதிது: அரிசி வாங்க முடியவில்லை, பால்மா கிடைக்கவில்லை, வேலை இல்லை. பின்வந்த மாதங்களிலும் மணல்திட்டுகளில் ஆட்கள் இறக்கிவிடப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் மண்டபம் முகாமுக்குப் போனார்கள்.

கோத்தபய ராஜபக்ச 2019 நவம்பரில் 52.25 சதவீத வாக்கில் அதிபரானவர். அந்த ஆண்டு ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின் அச்சம் அவரை மேலே தூக்கியது. பாதுகாப்புக்கு இவர்தான் என்று சிங்களப் பெரும்பான்மை திரண்டது. யாழ்ப்பாணத்தில் 80 சதவீதத்துக்கு மேல் எதிராளிக்கு விழுந்தது. அங்கே அவருக்குச் செல்வாக்கு சரியவில்லை, இருந்ததே இல்லை. 2020 ஆகஸ்ட் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சிக்கு 225-இல் 145 இடம். கொரோனா முதல் அலையை அடக்கியவர் என்ற பெயரும் சேர்ந்தது. அன்றைக்கு அவரை அசைக்க முடியும் என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு நடந்ததை வரிசையாகப் பார்த்தால் மியூலர் சொன்ன கணக்கு கண்முன்னே ஓடுகிறது, இரண்டு மடங்கு வேகத்தில். பதவியேற்ற கையோடு மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாக வெட்டினார். எல்லோருக்கும் மகிழ்ச்சி, அரசுக்கு வருமானம் போனது. கொரோனாவில் சுற்றுலாவும் போனது. 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார். நெல் விவசாயிகளும் தேயிலைத் தோட்டக்காரர்களும் அவருக்கு வாக்களித்தவர்கள். விளைச்சல் விழுந்தது; நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது காலம் கடந்திருந்தது. டாலர் கையிருப்பு கரைந்தது. எரிவாயு இல்லை, எண்ணெய் இல்லை, மருந்து இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. நகரத்து நடுத்தர வர்க்கமும் தெருவுக்கு வந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில் வெரிட்டே ரிசர்ச் என்ற இலங்கை ஆய்வு நிறுவனம் எடுத்த கணிப்பில் அரசை ஏற்றவர்கள் 10 சதவீதம். ஜூனில் 3 சதவீதம். ஜூலை 9 அன்று கூட்டம் அதிபர் மாளிகைக்குள் நுழைந்தது. 13-ஆம் தேதி கோத்தபய மாலத்தீவுக்குப் போனார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து விலகல் கடிதம் வந்தது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, அவரைக் கவிழ்த்தது எதிர்ப்பாளர்கள் இல்லை என்பது. வடக்கும் கிழக்கும் தொடக்கத்திலிருந்தே எதிராகத்தான் இருந்தன. அதனால் அவருடைய எண் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. இறக்கியவர்கள் 2019-இல் அவருக்காகக் கொடி பிடித்த வீடுகள். பயத்தின் பேரில் வந்த ஆதரவு, அடுப்பு எரியாத அன்று போய்விட்டது. ஆனால் படகேறி இந்தக் கரைக்கு வந்தவர்களோ, பெரும்பாலும் அவருக்கு என்றைக்கும் வாக்களிக்காத வடக்குத் தமிழர்கள். தலைவரின் சரிவுக்கான விலையை அவரைத் தேர்ந்தெடுக்காதவர்களும் சேர்த்தே கட்டினார்கள்.

எண் அசையாத இடங்களும் உண்டு. அமெரிக்காவில் கட்சிப் பிளவு இறுகிய பிறகு பெரிய ஏற்ற இறக்கம் நின்றுவிட்டது. ட்ரம்ப்பின் முதல் நான்கு ஆண்டுகள் முழுக்கக் கேலப் கணக்கில் 34-க்கும் 49-க்கும் நடுவில் அடங்கின. ரஷ்யாவில் லெவாடா மையம் எடுக்கும் கணிப்பில் உக்ரைன் படையெடுப்புக்குப் பிறகு புதின் 80-ஐத் தாண்டினார். எதிர்த்துப் பேசினால் சிறை என்னும் நாட்டில் அந்த எண் எதைக் காட்டுகிறது என்பதை யோசித்துத்தான் படிக்கவேண்டும்.

நம் படகுகளுக்கு இதில் என்ன

செல்வாக்குள்ள தலைவரால்தான் தன் ஆட்களுக்குப் பிடிக்காத முடிவை எடுக்க முடியும். எண் சரிந்தவருக்கு அந்தத் தெம்பு இருக்காது. அடுத்த கூட்டத்தையும் பகைத்துக்கொள்ள அஞ்சுவார். பாக் நீரிணைச் சிக்கல் அப்படிப்பட்ட முடிவு கேட்கும் விஷயம். கடலடியை வாரி இழுக்கும் நம் படகுகளின் இழுவைமடி வலையால் தங்கள் வலையும் கடலும் அழிகின்றன என்று யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. இங்கே கடன் வாங்கிப் படகு கட்டியவர் திடீரென்று தொழிலை மாற்ற முடியாது என்பதும் உண்மை. 2014-இல் சென்னையிலும் கொழும்பிலும் மீனவர்களே உட்கார்ந்து பேசினார்கள். 2016-இல் டெல்லியில் அமைச்சர்கள் பேசினார்கள். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. ஆழ்கடல் படகுக்கு மாறும் திட்டமும் இங்கே அதே ஆண்டில் வந்தது, மாறியவர்கள் குறைவு.

அநுர குமார திசாநாயக்க 2019-இல் 3 சதவீத வாக்கு வாங்கியவர். 2024 செப்டம்பரில் அதிபர் ஆனார், நவம்பரில் அவருடைய கூட்டணி 159 இடம் பிடித்தது. யாழ்ப்பாணத்திலேயே ஆறில் மூன்று. கோத்தபயவுக்கு இல்லாத ஆதரவு வடக்கில் இவருக்கு இருக்கிறது. அந்த ஆதரவில் மீனவக் குடும்பங்களும் உண்டு. எல்லை தாண்டும் நம் படகுகளைப் பிடிப்பது அங்கே அவருக்குப் பேர் வாங்கித்தருகிறது. 2025 செப்டம்பரில் அவர் கச்சத்தீவுக்கே போனதையும் அப்படித்தான் வாசிக்கிறேன். அதற்கு முன், ஏப்ரலில், மோடி இலங்கைப் பயணத்தை முடித்து நேராக ராமேஸ்வரம் வந்து ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தைத் திறந்தார். இரண்டு பக்கமும் பலத்தோடு இருந்த நேரம். அந்தப் பயணத்தின்போது சிறையிலிருந்த மீனவர்கள் சிலர் விடுதலையானார்கள். இழுவைமடி பற்றி முடிவு வரவில்லை.

இலங்கையில் அடுத்த அதிபர் தேர்தல் 2029-இல் வரவேண்டும். இந்தியாவிலும் மக்களவைத் தேர்தல் 2029-இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிவிட்டால் இரண்டு நாட்டிலும் விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கச்சத்தீவும் கைதுகளும் மேடைக்குப் போய்விடும். ஆகவே இங்குள்ள மீனவர் சங்கங்கள் பேச்சுவார்த்தைக்கு நெருக்கவேண்டிய காலம் தேர்தலுக்குத் தூரமான இந்த ஆண்டுகள்தான். படகை மாற்றுவதற்கு எவ்வளவு மானியம், எத்தனை ஆண்டு அவகாசம், அதுவரை எந்த நாட்களில் எதுவரை போகலாம் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்கவேண்டும்.